கடை யாருடையது?



நம்மில் ஒருவரைப் பார்த்து, "இந்தக் கடை யாருடையது?" என்று கேட்டால், "இதென்ன கேள்வி! என்னுடையதுதான்" என்று உடனே பதில் வரும். வாயிலில் தொங்கும் பலகையில் பெயருக்குப் பின்னால் "சென்டிரியான் பெர்ஹாட்" என்று எழுதியிருந்தாலும் அதே பதில்தான் வரும். கல்லாவின் சாவி நம்மிடம் இருக்கிறது. சரக்கு வாங்குவதும் விற்பதும் நாமே. ஆதலால் கடையும் நமதே என்று எண்ணிக்கொள்கிறோம்.

சட்டம் அப்படி எண்ணுவதில்லை. கடன் ஏறி வழக்கு வரும் நாளிலும், கடை தீப்பற்றி இன்ஷூரன்ஸ் பணம் கேட்கப் போகும் நாளிலும், முதலாளி மௌத்தாகி வாரிசுகள் கூடும் நாளிலும் இக்கேள்வி மீண்டும் எழும். அன்றைக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே குடியிருக்கும் வீடு மிஞ்சுவதும் மிஞ்சாததும் இருக்கிறது. "எல்லாரும் கம்பெனியாக்கிவிட்டார்கள், நானும் ஆக்கிவிடலாமா?" என்று கேட்பவர் நம்மிடையே பெருகி வருகின்றனர். அவர்களுக்காகவே இப்பாடம். இங்குக் கூறப்படும் பதிவு முறைகள் மலேசியத் தீபகற்பத்திற்கு உரியவை என்பதை முதலில் குறித்துக்கொள்க.

1. நான்கு வகை

ஒருவர் வாணிபம் நடத்தச் சட்டம் நான்கு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது.

முதலாவது, தனி வாணிபம். 1956 ஆம் ஆண்டின் வாணிபப் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசியக் கம்பெனிகள் ஆணையத்தில் (எஸ்.எஸ்.எம்.) பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைக்கென்று வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி.

இரண்டாவது, கூட்டு வாணிபம். பதிவு அதே 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான். ஆனால் பங்காளிகளுக்கு இடையே உள்ள உரிமையையும் கடமையையும் வகுப்பது 1961 ஆம் ஆண்டின் கூட்டு வாணிபச் சட்டம்.

மூன்றாவது, வரையறுத்த பொறுப்புடைய கூட்டு. பி.எல்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இது 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இருவராவது சேர வேண்டும். பதிவுக் கட்டணம் 500 வெள்ளி.

நான்காவது, தனியார் லிமிடெட் கம்பெனி, அதாவது சென்டிரியான் பெர்ஹாட். முன்பு 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதற்கு இரண்டு பங்குதாரர்களும் இரண்டு டைரக்டர்களும் வேண்டியிருந்தனர். 2017 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த 2016 ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி ஒருவரே பங்குதாரராகவும் டைரக்டராகவும் இருந்து கம்பெனி தொடங்கலாம். பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி.

இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்பது, குடை சிறந்ததா செருப்பு சிறந்ததா என்று கேட்பதைப் போன்றது. ஒவ்வொன்றும் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்று அறிந்தால் விடை தானே கிடைத்துவிடும்.

2. தனி வாணிபமும் கூட்டு வாணிபமும்

தனி வாணிபத்தில் கடை வேறு, முதலாளி வேறு அல்ல. கடையின் இலாபம் அவருடைய இலாபம். கடையின் கடன் அவருடைய கடன். சரக்குக் கொடுத்தவர் பணம் வராமல் வழக்கிட்டால், கடைச் சரக்கோடு நில்லாமல் முதலாளியின் வீடு, நிலம், பாங்குக் கணக்கு வரை கை நீட்டலாம். கடன் 1,00,000 வெள்ளியை எட்டினால் அவரைத் திவாலானவராக அறிவிக்கக் கோரவும் இன்றைய சட்டம் இடமளிக்கிறது.

இது கேட்க அச்சமாக இருப்பினும், தனி வாணிபத்திற்கென்று நன்மைகளும் உண்டு. செலவு குறைவு. காரியதரிசி வேண்டாம், ஆண்டறிக்கை வேண்டாம். ஒரு வருஷம் கடையில் நஷ்டம் ஏற்பட்டால், அதே வருஷம் வரும் வீட்டு வாடகை முதலிய மற்ற வருமானத்தில் அந்த நஷ்டத்தைக் கழித்து வரி கட்டலாம். கடனுக்குச் சரக்கு எடுக்காமல், ரொக்கத்திற்கு வாங்கி ரொக்கத்திற்கு விற்கும் சிறு கடைக்காரருக்கு இது போதும்.

கூட்டு வாணிபம்தான் நம்மிடையே அதிகம் வழங்குவது. அதிகம் அழ வைத்ததும் அதுவே. ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பைப் போடுவார். ஊரும் உறவும் சாட்சி. எழுத்து ஒன்றும் இராது. சட்டம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

பங்காளிகள் தமக்குள் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், இலாபமும் நஷ்டமும் சமபங்கு. ஒருவர் 80,000 வெள்ளி போட்டு, இன்னொருவர் 20,000 வெள்ளி போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "என் பங்கு ஐந்தில் நான்கு" என்று முதலாமவர் மனத்தில் எண்ணியிருக்கலாம். மற்றவர் அதை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் ஒன்றும் இல்லாவிட்டால் சட்டம் இலாபத்தைப் பாதியாகவே பிரிக்கும்.

கடைக்காக ஒரு பங்காளி வாங்கிய கடனுக்கு எல்லாப் பங்காளிகளும் பொறுப்பு. பினாங்கில் இருக்கும் மூத்தவர் அறியாமலே கோலாலம்பூர்க் கிளையில் இருக்கும் இளையவர் கடையின் வழக்கமான வியாபாரத்திற்காகப் பெருங்கடனுக்குத் துணி எடுத்தால், கடன் கொடுத்தவர் மூத்தவரின் வீட்டு வாயிலிலும் வந்து நிற்கலாம்.

எல்லாவற்றிலும் பெரியது இது. வேறு ஒப்பந்தம் இல்லையேல், பங்காளிகளில் ஒருவர் மௌத்தான உடனே கூட்டு கலைந்துவிடுகிறது. நாற்பது ஆண்டு நடந்த கடையானாலும் கணக்கு முடித்து, கடன் தீர்த்து, மிச்சத்தைப் பிரிக்க வேண்டியதுதான். இறந்தவரின் மக்கள், "வாப்பாவின் இடத்தில் நாங்கள் உட்காருகிறோம்" என்று உரிமையாகக் கேட்க முடியாது. இருப்பவரோ, "கடை எனக்கே" என்று வைத்துக்கொள்ளவும் முடியாது. இரு குடும்பமும் நல்ல குடும்பமாயிருந்தும் பேச்சுவார்த்தை அறுந்து போவது இவ்விடத்தில்தான்.

இதற்கு மருந்து கம்பெனியாக்குவது ஒன்றுதான் என்பதில்லை. இரண்டு பக்கத்தில் எழுதிய ஒப்பந்தமே பாதி நோயைத் தீர்க்கும். யார் எவ்வளவு முதல், இலாபம் எப்படி, யார் கையெழுத்து செல்லும், ஒருவர் இறந்தால் அவர் பங்கை எந்தக் கணக்கில் மதிப்பிட்டு, எத்தனை மாதத்தில் வாரிசுகளுக்குக் கொடுப்பது என்று எழுதி வையுங்கள். தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளும்படி குர்ஆன் ஷரீபின் பகரா அத்தியாயத்தில் கட்டளை இருப்பதை நாமெல்லாம் அறிவோம். கடனுக்கு எழுத்து வேண்டுமானால், ஆயுள் முழுதும் நீடிக்கும் கூட்டுக்கு வேண்டாமா?

3. கம்பெனி என்பது வேறொரு மனிதர்

இனி லிமிடெட் கம்பெனிக்கு வருவோம். இதன் இரகசியம் முழுதும் ஒரு வரியில் அடங்கும்: கம்பெனி என்பது உங்களின் நீங்கலாக, சட்டத்தின் கண்ணில் தனியாக நிற்கும் வேறொரு மனிதர். அவருக்குத் தனிப் பெயர், தனிச் சொத்து, தனிக் கடன். அவர் நோயில் படுப்பதில்லை, இறப்பதுமில்லை.

இதை நிலைநாட்டியது லண்டனில் நடந்த ஒரு வழக்கு. ஆரோன் சாலமன் என்பவர் பூட்ஸ் செய்து விற்கும் வியாபாரி. 1892 இல் தம் தொழிலை ஒரு லிமிடெட் கம்பெனியாக்கினார். அக்காலச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். அவர், மனைவி, ஒரு மகள், நான்கு ஆண் மக்கள் என ஏழு பேர் கையெழுத்திட்டனர். குடும்பத்தினர் ஆளுக்கு ஒரு ஷேர்; மற்றவை எல்லாம் அவருடையவை. தொழிலை விற்ற விலையில் ஒரு பகுதிக்குக் கம்பெனி அவருக்கு 10,000 பவுனுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. மறு ஆண்டே கம்பெனி நொடித்தது. "கம்பெனி என்பது வெறும் பெயர், எல்லாம் சாலமனே. கடனை அவரே கொடுக்க வேண்டும்" என்று வாதிக்கப்பட்டது. கீழ்க்கோர்ட்டுகள் அதை ஏற்றன. ஆனால் 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை, முறைப்படி பதிந்த கம்பெனி தனி மனிதரே, அதன் கடன் சாலமனின் கடனாகாது என்று தீர்த்தது. இன்றும் மலேசியா, சிங்கப்பூர் கோர்ட்டுகளில் இதுவே அடிப்படை.

இக்கதையைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா! கம்பெனி வைத்தால் வீட்டைத் தொட முடியாது" என்று மகிழ்வோர் பலர். நிற்க. இதே சட்டம் மறுபக்கமும் வெட்டும். அதற்கும் ஒரு வழக்கு உண்டு.

அயர்லாந்தில் மகௌரா என்பவர் பெரும் மரத்தோப்புக்குச் சொந்தக்காரர். தம் மரங்களை எல்லாம் ஒரு கம்பெனிக்கு விற்று, விலைக்குப் பதிலாக 42,000 பவுன் பெறுமான ஷேர்களை வாங்கிக்கொண்டார். கம்பெனி முழுதும் அவருடையதே. மரத்தை இன்ஷூர் செய்யும்போது மட்டும், பழைய வழக்கப்படி, தம் சொந்தப் பெயரில் செய்தார். 1922 இல் தீப்பற்றி மரம் பெரும்பாலும் சாம்பலாயிற்று. பணம் கேட்டபோது, "மரம் கம்பெனியுடையது; பாலிசி உங்கள் பெயரில். எரிந்தது உங்கள் பொருள் அல்ல" என்று மறுத்தார்கள். 1925 இல் பிரபுக்கள் சபையும் அதுவே சரி என்றது. மகௌராவுக்கு ஒரு பென்னியும் கிடைக்கவில்லை.

சகோதரர்களே, இதை நம் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். கடையைக் கம்பெனியாக்கிவிட்டு, சரக்கின் இன்ஷூரன்ஸைப் பழைய பெயரிலேயே புதுப்பித்து வருகிறவர் இல்லையா? கடை வாடகை ஒப்பந்தம், நகராண்மைக் கழக லைசென்சு, சரக்குக் கொடுப்பவரின் கணக்கு, பாங்குக் கணக்கு எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன? கம்பெனியாக்கிய அன்றே இவை ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து மாற்றாவிட்டால், கடன் வரும்போது நீங்களே பொறுப்பாளியாக நிற்பீர்கள். நஷ்ட ஈடு கேட்கும்போது மூன்றாம் மனிதராக நிற்பீர்கள்.

4. தம் கம்பெனியில் தாமே வேலையாள்

நம் பிள்ளைகளில் பலர் இன்று கடையில் அமர்வதில்லை. கம்ப்யூட்டர், எஞ்சினியரிங், கணக்கு முதலிய தொழில்களைக் கற்று, ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கின்றனர். சில முதலாளிகள் அவர்களிடம், "உம்மைச் சம்பளத்திற்கு வைக்கமாட்டோம், நீரே ஒரு கம்பெனி வைத்துப் பில் அனுப்பும்" என்கிறார்கள். பிள்ளை மகிழ்ந்து போகிறான். பெயருக்குப் பின்னால் டைரக்டர் என்று போட்டுக்கொள்ளலாமே!

அவன் கணக்கிட வேண்டியது ஒன்று உண்டு. சம்பளத்தில் இருந்தால் ஊழியர் சேமநிதிக்கு முதலாளியின் பங்கு வரும்: மாதச் சம்பளம் 5,000 வெள்ளி வரை 13 சதவிகிதம், அதற்கு மேல் 12 சதவிகிதம். சொக்சோ பாதுகாப்பு உண்டு. வருஷ லீவு, மருத்துவ லீவு உண்டு. கம்பெனி வைத்தால் இவை அனைத்தும் அவன் தலையில். ஆகவே, சம்பளத்தை விடப் பில் தொகை எவ்வளவு கூடுதல் என்று பாராமல், இவற்றையெல்லாம் கழித்த பின் எவ்வளவு கூடுதல் என்று பார்க்க வேண்டும். மேலும், கம்பெனியே வைக்காமல், வெறும் ஒப்பந்தக்காரர் என்ற பெயரில் ஒருவரிடமே, அவர் சொன்ன நேரத்தில், அவர் கட்டளைப்படி, அவர் கருவிகளைக் கொண்டு வேலை செய்பவருக்கு இன்னொரு செய்தி: 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, மறுப்பு நிரூபிக்கப்படாத வரை அத்தகையவர் ஊழியரே என்று கருத இடமுண்டு. காகிதத்தில் எழுதிய பெயரைக் கண்டு உரிமையைக் கைவிட வேண்டியதில்லை.

கம்பெனியே வைத்தாலும் முறையாக வைக்க வேண்டும். நியூஸிலாந்தில் லீ என்பவர் விமானத்தில் பறந்து வயல்களுக்கு உரம் தூவும் கம்பெனி ஒன்றை 1954 இல் தொடங்கினார். 3,000 ஷேர்களில் 2,999 அவருடையவை. அவரே டைரக்டர், அவரே சம்பளம் பெறும் விமானி. சம்பளத்தை எழுதி வைத்தார். கம்பெனியின் பெயரில் தொழிலாளர் இன்ஷூரன்ஸும் எடுத்திருந்தார். 1956 இல் விமானம் விழுந்து இறந்து போனார். "தமக்குத் தாமே எப்படி வேலையாள் ஆக முடியும்?" என்று நஷ்ட ஈடு மறுக்கப்பட்டது. 1960 இல் பிரிவி கவுன்சில், கம்பெனி வேறு, லீ வேறு. கம்பெனி அவரை வேலைக்கு வைத்திருந்தது உண்மையே என்று தீர்த்து, அவருடைய விதவை மனைவிக்கு உரிமை உண்டென்றது.

மூன்று வழக்குகளையும் சேர்த்துப் பாருங்கள். கம்பெனியை வேறொரு மனிதராக மதித்து எழுதி வைத்த லீயின் குடும்பம் பிழைத்தது. மதியாத மகௌரா இழந்தார். இப்பாடத்தின் சாரம் இதுவே.

5. மதிலில் உள்ள வாயில்கள்

கம்பெனி என்பது வீட்டுக்கும் கடைக்கும் நடுவே எழுப்பிய மதில். ஆனால் அம்மதிலில் வாயில்கள் உண்டு. சிலவற்றை நாமே திறந்துவிடுகிறோம்.

முதல் வாயில், ஜாமீன் கையெழுத்து. சிறு கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் பாங்கு, டைரக்டரின் சொந்த ஜாமீனைப் பெரும்பாலும் கேட்கும். சில மொத்த வியாபாரிகளும் கேட்பர். கையெழுத்திட்ட அளவுக்கு மதில் இல்லை. கையெழுத்துப் போடும்போது, தொகைக்கு வரம்பு உண்டா, கடன் தீர்ந்ததும் ஜாமீன் ரத்தாகுமா என்று வாசித்துப் போடுக. மனைவியிடமும் கையெழுத்து வாங்குவதாயின், அவர்களுக்கு அதை விளங்கச் சொல்லிப் பிறகே வாங்குக.

இரண்டாம் வாயில், வரி. கம்பெனி வருமான வரி கட்டத் தவறினால், நிர்வாகத்தில் பங்கேற்று, 20 சதவிகிதமோ அதற்கு மேலோ ஷேர் வைத்திருக்கும் டைரக்டரிடம் அதை வசூலிக்கச் சட்டம் உண்டு. வேலையாட்களின் சேமநிதியைக் கட்டாமல் விட்டாலும் டைரக்டர்கள் சொந்தப் பொறுப்பாளிகள்.

மூன்றாம் வாயில், மோசடி. கொடுக்க வழியில்லை என்று தெரிந்துகொண்டே கம்பெனியின் பேரில் சரக்கை வாங்கிக் குவித்தால், கோர்ட்டு அந்தக் கடனை டைரக்டரின் தலையில் சுமத்தலாம், தண்டனையும் உண்டு. கம்பெனியைக் கேடயமாக வைத்துப் பிறர் ஹக்கை விழுங்க முடியாது, முடிந்தாலும் ஆகாது.

நான்காம் வாயில், கல்லா. கம்பெனிப் பணத்தை எடுத்து மகள் கலியாணச் செலவு, ஊர்ப் பயணம் என்று எழுதாமல் செலவிடுவது. கம்பெனி வேறொரு மனிதர் என்றால், அவர் பணத்தைக் கேளாமல் எடுப்பது எப்படிச் சரியாகும்? சம்பளமாக எடுங்கள், டிவிடெண்டாக எடுங்கள், கடனாக எடுத்தால் எழுதி வையுங்கள். கம்பெனி தன் பணத்தை டைரக்டருக்கு வட்டியின்றிக் கடனாகக் கொடுத்தாலும், வட்டி வந்ததாகவே கணக்கிட்டுக் கம்பெனியிடம் வரி கேட்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.

6. வரியும் ஸக்காத்தும்

"கம்பெனி வைத்தால் வரி குறையும்" என்ற பேச்சு பொதுவாக உண்டு. கணக்குப் போட்டே பார்ப்போம்.

2025 ஆம் வரி ஆண்டின் விகிதப்படி, செலுத்திய மூலதனம் 25 இலட்சம் வெள்ளிக்கு மேற்படாத சிறு கம்பெனி, முதல் 1,50,000 வெள்ளி இலாபத்திற்கு 15 சதவிகிதமும், அதற்கு மேல் 6,00,000 வரை 17 சதவிகிதமும், மிச்சத்திற்கு 24 சதவிகிதமும் கட்டும். தனி மனிதருக்கு விகிதம் படிப்படியாக ஏறி, 1,00,000 வெள்ளிக்கு மேல் 25 சதவிகிதமாகி, 20 இலட்சத்திற்கு மேல் 30 சதவிகிதமாகும்.

வரிக்குரிய வருமானம் 1,00,000 வெள்ளி என்றால்: தனி மனிதர் கட்டுவது 9,400. கம்பெனி கட்டுவது 15,000. இங்கே கம்பெனி நஷ்டம்.

2,00,000 வெள்ளி என்றால்: தனி மனிதர் 34,400. கம்பெனி 31,000. கம்பெனிக்கு 3,400 வெள்ளி மிச்சம். ஆனால் காரியதரிசிக்கும் கணக்குப் பரிசோதகருக்கும் கொடுத்த பின் அது மிஞ்சுமா என்பதைப் பார்த்துக்கொள்க.

4,00,000 வெள்ளி என்றால்: தனி மனிதர் 84,400. கம்பெனி 65,000. இங்கே இலாபம் கண்கூடு.

நமக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. தனி மனிதர் முறைப்படி அதிகாரிகளிடம் செலுத்திய ஸக்காத்தை, அவர் கட்ட வேண்டிய வரியிலேயே வெள்ளிக்கு வெள்ளி கழித்துக்கொள்ளலாம். கம்பெனி கொடுத்த ஸக்காத்து வரியில் கழியாது. வருமானத்தில்தான் கழியும், அதுவும் வருமானத்தின் 2.5 சதவிகிதம் வரையே. மேற்கண்ட 2,00,000 வெள்ளிக்காரர் 5,000 வெள்ளி ஸக்காத்துச் செலுத்தினார் என்று கொள்வோம். தனி மனிதராயின் வரி 34,400 இலிருந்து 29,400 ஆகும். கம்பெனியாயின் 1,95,000 க்கு வரி 30,150 ஆகும். கம்பெனியால் கிடைத்த மிச்சம் மறைந்து, தனி வாணிபமே 750 வெள்ளி மேலாகிறது! ஆகவே வரிக்காக மட்டும் கம்பெனி வைக்க நினைப்பவர், இலாபம் 2,00,000 வெள்ளியை நன்றாகத் தாண்டிய பின் நினைப்பது நலம்.

கம்பெனியில் மிஞ்சிய இலாபத்தை டிவிடெண்டாக எடுக்கும்போது, ஒருவருக்கு ஆண்டுக்கு 1,00,000 வெள்ளி வரை மறுபடி வரி இல்லை. அதற்கு மேற்பட்டதற்கு 2025 ஆம் வரி ஆண்டு முதல் 2 சதவிகிதம்.

7. மௌத்துக்குப் பின்

தனிக் கடைக்காரர் இறந்தால் சரக்கு, பாக்கி, பாங்குப் பணம் எல்லாம் அவருடைய சொத்தாக நின்று, கடன் தீர்ந்த பின்னரே பராயிள் முறைப்படி வாரிசுகளுக்குப் பிரியும். அதுவரை கடையை யார் நடத்துவது, வேலையாட்களுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது என்பதே பெரும்பாடு.

கம்பெனியோ இறப்பதில்லை. வாரிசுகளுக்குப் பிரிவது ஷேர்கள். எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று எண்ணிக்கையாகப் பிரிக்க ஷேரைப் போல் வசதியானது வேறில்லை. கடையைக் கூறுபோட வேண்டாம். ஒரே டைரக்டராக இருந்தவர் இறந்தால், காரியதரிசி வாரிசுகளைக் கூட்டிப் புதிய டைரக்டரை நியமிக்க வழி செய்ய வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஷேர் பெற்ற வாரிசுகள் அனைவரும் பங்குதாரராவர். கடையில் உழைக்கும் மகனும், தூரத்தில் இருக்கும் மகளும், ஊரிலுள்ள மனைவியும் பங்காளிகள். உழைப்பவருக்குச் சம்பளம் எவ்வளவு, மற்றவர்களுக்கு டிவிடெண்டு எப்போது, ஒருவர் ஷேரை விற்க விரும்பினால் யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பதை முதலாளி உயிரோடிருக்கும்போதே கம்பெனி விதிகளில் எழுதிவிட்டால், ஹக்கு உரியவரைச் சேரும், பாசமும் மிஞ்சும்.

8. யாருக்கு எது?

ரொக்க வியாபாரம், சிறு முதல், கடன் கிடையாது என்பவர் தனி வாணிபத்திலேயே இருக்கலாம். இருவர் மூவர் சேர்ந்து நடத்துவோர், ஒன்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது பி.எல்.டி.யை நாட வேண்டும். அதில் ஒரு பங்காளி வாங்கிய கடன் மற்றவர் வீட்டைத் தொடாது. கம்பெனியை விடச் சடங்கும் குறைவு. கடனுக்குச் சரக்கு எடுப்பவர், வேலையாட்கள் பலர் உள்ளவர், கிளைகள் திறப்பவர், மக்களுக்கு வாணிபத்தை விட்டுச்செல்ல விரும்புபவர் கம்பெனியை நினைக்கலாம். நாணய மாற்று வியாபாரம் செய்பவருக்குத் தேர்வே இல்லை. 2011 ஆம் ஆண்டின் பணச் சேவைத் தொழில் சட்டப்படி லைசென்சு கம்பெனிக்கே உண்டு.

கம்பெனி வைப்பவர் ஏற்க வேண்டிய கடமைகள்: பதிந்த 30 நாட்களுக்குள் தகுதி பெற்ற காரியதரிசியை நியமித்தல், ஆண்டுதோறும் பதிந்த தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் ஆண்டறிக்கை அனுப்புதல், கணக்கு முடித்துப் பரிசோதித்து ஒப்படைத்தல். சிறு கம்பெனிகளுக்குப் பரிசோதனை விலக்கு 2025 முதல் படிப்படியாக விரிவாக்கப்பட்டு வருகிறது. விலக்குப் பெற்றாலும் கணக்கு எழுதுவதிலிருந்து விலக்கு இல்லை. கடைக் கட்டிடம் சொந்தமாயின், அதைக் கம்பெனிக்கு மாற்றாமல், உங்கள் பெயரிலேயே வைத்து, எழுத்துமூலம் கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம். கம்பெனி நொடித்தால் கட்டிடம் அதோடு போகாது. பாங்குக்கு அதை ஈடு வைக்காத வரையில்.

9. பயிற்சி

இன்றிரவு கடை சாத்திய பின் ஒரு தாளை எடுத்து இவ்வைந்து கேள்விகளுக்கும் விடை எழுதிப் பாருங்கள்.

ஒன்று: என் கடை எந்த வகையில் பதிவாகியிருக்கிறது? பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா?

இரண்டு: இன்ஷூரன்ஸ், லைசென்சு, வாடகை, பாங்கு இந்நான்கும் ஒரே பெயரில் உள்ளனவா?

மூன்று: நான் ஜாமீன் கையெழுத்திட்ட தாள்கள் எவை? தொகை எவ்வளவு?

நான்கு: பங்காளியோடு எழுதிய ஒப்பந்தம் எங்கே இருக்கிறது?

ஐந்து: நாளை நான் இல்லாவிட்டால், கடையைத் திறக்க யாருக்கு உரிமை?

ஐந்திற்கும் விடை எழுத முடிந்தவர் எந்த வகையில் பதிந்திருந்தாலும் நிம்மதியாக உறங்கலாம். முடியாதவர் கம்பெனி வைப்பதற்கு முன்னால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரையோ கணக்காளரையோ காணட்டும். "கடை யாருடையது?" என்ற கேள்விக்கு நாம் இருக்கும்போதே விடை எழுதி வைத்தால், நம் மக்கள் கோர்ட்டு வாயிலில் அதைத் தேடி நிற்க வேண்டியிராது.